கிராயினா: சொல்லும் அதற்கான தமிழும்

பால்கன் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் பலர் Krajina என்ற சொல்லைக் 'கிரஜினா' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து வந்த பிழை அது. செர்பிய, குரோவாசிய மொழிகளில் அதன் நடுவிலுள்ள j எழுத்துக்கு 'ய்' ஒலிதான். 'கிராயினா' என்பதே சரி. பொருள்: எல்லைப்புறம்.

வேர்ச்சொல் 'கிராய்'. வெட்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. முதற்பொருள் 'வெட்டிய விளிம்பு'. துணி வெட்டித் தைப்பவருக்குக் குரோவாசியத்தில் 'க்ரோயாச்' என்று பெயர். அதுவும் இதே வேர்தான். விளிம்பு என்ற பொருள் விளிம்பிலுள்ள நிலத்துக்குப் போய், பிறகு நிலத்தையே குறிக்கத் தொடங்கியது. போலிஷ் மொழியில் கிராய் என்றால் நாடு. செர்பியத்தில் முடிவு. ரஷ்யாவில் அது ஒரு நிர்வாகப் பிரிவு. பழைய வரலாற்றேட்டின் 1187ஆம் ஆண்டுக் குறிப்பில் முதன்முதலாக வரும் 'உக்ராயினா' (உக்ரைன்) என்ற பெயரிலும் இந்த வேர் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் எல்லைப்புறமா, நாடா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

தமிழில் ஆற்றுக்கும் கரை உண்டு, வேட்டிக்கும் கரை உண்டு. கிராய், கரை இரண்டும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பதால் உறவு கொண்டாடத் தோன்றும். வேண்டாம். மலையாளக் 'கர' நம் கரைக்கு உடன்பிறப்பு. கிராய் ஸ்லாவிய மொழிகளின் சொல், வேறு குடும்பம்.

வரலாற்றில் இச்சொல் பெரும்பாலும் குறிப்பது, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு ஓட்டோமான் (துருக்கிய) பேரரசுக்கு எதிரே 16ஆம் நூற்றாண்டு முதல் அமைத்த படை எல்லைப்புறத்தை. ஜெர்மனில் 'மிலிடேர்கிரென்ட்செ'. இதில் எல்லையைக் குறிக்கும் 'கிரென்ட்செ' என்ற சொல்லே ஸ்லாவிய 'கிரானிட்சா'விடம் கடன் வாங்கியது. ஜெர்மானியரின் பழைய சொல் 'மார்க்'.

அது வெறும் கோடாக இருந்ததில்லை. ஊர்களும் வயல்களும் அடங்கிய அகன்ற பட்டை; விரிந்த காலத்தில் அட்ரியாட்டிக் கடலோரம் தொட்டு டிரான்சில்வேனியா வரை நீண்டது. ஓட்டோமான் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு நிலம் கிடைத்தது. பதிலுக்கு அவர்கள் ஆயுதம் ஏந்த வேண்டும். 1630ஆம் ஆண்டுச் சாசனம், சாவா, திராவா ஆறுகளுக்கு இடைப்பட்ட குடியேறிகளுக்குத் தங்கள் ஊர்த்தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தது. பண்ணையடிமை முறைக்கு வெளியே அவர்கள் நின்றதால் குரோவாசியப் பிரபுக்களுக்குத் தீராத மனக்குறை. கூட்டுக்குடும்ப நிலத்தை இஷ்டம்போல் பாகம் பிரிக்க முடியாது. பிரித்தால், ஒருவன் படைக்குப் போனபின் உழ ஆள் இருக்காது.

எல்லை நெடுகச் 'சார்தாக்' எனப்படும் மரக்காவல் கூடங்கள், அடுத்தடுத்துக் கண்ணுக்கு எட்டும் தொலைவில் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் பகைவனோடு கொள்ளைநோயையும் அவை மறித்தன. கிழக்கேயிருந்து வருபவர் சாதாரண நாளில் 21 நாள், நோய்ச் சந்தேகம் இருந்தால் 42, நோய் உறுதியானால் 84 நாள் தனித்திருக்க வேண்டும். கடிதங்களுக்குப் புகை போட்டார்கள். 1881இல் படை எல்லைப்புறத்தின் கடைசிப் பகுதியும் குரோவாசியாவோடு சேர்ந்தது.

இதையெல்லாம் 'ராணுவ எல்லை' என்று பெயர்த்தால் வாசகர் மனத்தில் முள்வேலிதான் எழும். எல்லை என்பது கோடு. எல்லைப்புறம் என்பது மக்கள் வாழும் நிலம். ஆகவே 'படை எல்லைப்புறம்' பொருந்தும். அங்கு வாழ்ந்த 'கிராயிஷ்னிக்'கை எல்லைக்காவலர் என்பதும் குறைதான், அவர் சம்பளத்துக்கு நின்றவரல்லர். 'எல்லைப்புறக் குடிபடையினர்' என்றால் ஏரும் துப்பாக்கியும் இரண்டும் தெரியும்.

பெயரின் பகுதியாக வரும்போது மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். போஸ்னிய கிராயினா இன்றும் புழங்கும் வட்டாரப் பெயர். குரோவாசியாவுக்குள் செர்பியர்கள் அறிவித்து 1991 முதல் 1995 வரை இருந்த செர்பியக் கிராயினாக் குடியரசு வேறு. குரோவாசியப் படை 1995 ஆகஸ்டில் அதன் பெரும்பகுதியைக் கைப்பற்றியபோது செர்பியர்கள் பெருந்திரளாக வெளியேறினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது வெறும் 'கிராயினா' என்று விடாமல் முழுப்பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.