பட்டறையில் கேட்கும் ‘ஸ்ஸ்’

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் ஜேக்கப்ஸிலோ ஃபீனிக்ஸிலோ உள்ள ஒரு தையல் ஆலையில், சாயங்காலம் மெஷின்கள் எல்லாம் நின்றபிறகு காது கொடுத்துக் கேளுங்கள். எங்கிருந்தோ ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம் வரும். காற்றுதானே போகிறது என்று கதவைப் பூட்டிவிடுவோம்.

போவது மின்சாரம். காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்பும் கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் கருவியின் முனையில் வேலையாக வந்து சேர்கிறது. மீதி பெரும்பாலும் சூடாகவே வெளியேறிவிடுகிறது. தென்னாப்பிரிக்க மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பதால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. கூரையில் சோலார் தகடு மாட்டுவதற்கு முன் இந்தச் சத்தத்தை அடைப்பதுதான் முதல் வேலை என்பேன்.

7 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 3 மில்லிமீட்டர் துளை ஒன்று நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்றை விடும். அதை ஈடுகட்ட கம்ப்ரஸருக்கு மூன்றரை கிலோவாட் வேண்டும். நாளுக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் என்றால் 8,750 யூனிட். துளை 1 மில்லிமீட்டர் என்றால் இதில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் அப்படிப்பட்ட துளை ஒன்றோடு நிற்பதில்லை.

கசிவை அளக்கக் கைக்கடிகாரம் போதும். காற்று வால்வுகளைத் திறந்தே வைத்து, எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். அது காற்றை ஏற்றும் நேரத்தையும் ஏற்றாமல் இருக்கும் நேரத்தையும் ஐந்து சுற்றுக்குக் குறித்து, சராசரி எடுங்கள். 90 நொடி ஏற்றி 210 நொடி ஓய்ந்தால், 300-இல் 90: கம்ப்ரஸரின் திறனில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது. 10-க்குக் கீழே கொண்டுவரலாம். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கம்ப்ரஸருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும். குமிழி அதிகம் வரும் இடங்கள்: ஹோஸை மாட்டும் கப்ளிங், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், திருகு மூட்டுகள், ஓரம்கட்டிய பழைய மெஷினுக்குப் போகும் குழாய். கப்ளிங்கில் பெரும்பாலும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். திருகு மூட்டில் கசிவை அடைக்கும் டேப்பை, மூட்டை முறுக்கும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்ற வேண்டும்; முதல் புரியை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் டேப் துணுக்கு உள்ளே போய் வால்வை அடைக்கும். அழுத்தத்தை முழுதாக இறக்காமல் எந்த மூட்டையும் கழற்றாதீர்கள்.

டர்பனுக்கென்றே ஒரு கசிவு உண்டு, அது தண்ணீரால் வருவது. 30 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் ஒரு கனமீட்டர் காற்றில் 22 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக நசுக்கி, மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால் 4 கிராம் அளவுதான் ஆவியாகத் தங்கும். மீதி தண்ணீராகிவிடும். நிமிஷத்துக்கு ஒரு கனமீட்டர் இழுக்கும் கம்ப்ரஸர் எட்டு மணி நேரத்தில் 9 லிட்டர் தண்ணீர் சேர்த்துவிடும். அதை வெளியேற்றும் தானியங்கி வால்வு துருவிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் சிக்கிக்கொண்டதும், யாராவது கை வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிடுவார்கள். தண்ணீர் தீர்ந்தபிறகு இரவு பகலாக அதன்வழி காற்று போய்க்கொண்டிருக்கும். தானியங்கி வால்வை வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் அந்தப் பழக்கமே தேவைப்படாது.

கசிவை அடைத்தபிறகுதான் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கடைசி மெஷினுக்குக் காற்று போதவில்லை என்று 8 பாருக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ஃபில்டர், இல்லையென்றால் மெல்லிய ஹோஸ். அதைச் சரிசெய்து அரை அரை பாராக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரு பார் குறைந்தால் மின்சாரம் 6, 7 சதவீதம் மிச்சம்.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கம்ப்ரஸரை நிறுத்துங்கள். திருகு வகைக் கம்ப்ரஸர் காற்று ஏற்றாமல் சும்மா சுற்றும்போதே முழுத் திறனில் கால் பங்குக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதிர்வில் மூட்டுகள் மறுபடி தளரும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கடிகாரக் கணக்கைப் போட்டு, எண்ணைக் கம்ப்ரஸர் பக்கத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.