டிக்கியில் கிடக்கும் அந்தத் துணி

ஆயுதபூஜைக்கு முந்தைய வாரத்தில் தொடங்கிப் பொங்கல் கழியும்வரை எங்கள் கார் பாலிஷ் கடைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான்: வீட்டில் அக்கறையாகத் துடைத்துத் துடைத்தே பெயிண்டைக் கெடுத்திருப்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இம்முறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உடனடிக் காரணம், சென்ற வாரம் லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஒரு கருப்பு செடான். வாங்கி ஓராண்டு நிறையவில்லை; எங்கும் இடித்ததில்லை; வாரம் தவறாமல் உரிமையாளரே தம் கையால் கழுவுகிறார். நிழலில் நின்றபோது ஷோரூமிலிருந்து அன்றுதான் எடுத்துவந்ததுபோல் இருந்த அந்த வண்டியை வெயிலுக்கு நகர்த்தியதும், பானெட்டில் வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை பின்னியதைப் போல மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன.

"இசிஆரில் ஓட்டினால் இப்படித்தான் சார், மணல் அடிக்கிறது" என்றார் அவர். நான் பதில் சொல்லாமல் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே, ஜாக்கிக்கும் ஒரு ஜோடிச் செருப்புக்கும் நடுவே மஞ்சள் நிற மைக்ரோஃபைபர் துணி ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் ஒரு முனை செம்மண் ஏறி விறைத்திருந்தது. இழைகளுக்குள் காய்ந்த வேப்பிலைத் துணுக்கும் தலைமுடியும் சிக்கியிருந்தன. இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தபோது நறநறவென்றது. அவர் கையிலேயே கொடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குமேல் அவர் மணலைக் குறை சொல்லவில்லை.

"துணி மெத்தென்றுதானே இருக்கிறது, அது எப்படிக் கீறும்?" என்று யாரும் கேட்காத வாரமே கிடையாது. துணி கீறுவதில்லை என்பது உண்மைதான். துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் துகள்தான் கீறுகிறது. தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலாக இருந்தாலும் சரி, கேப்பர் மலையிலோ ஆரோவில் பக்கத்திலோ ஒட்டிக்கொண்டு வரும் செம்மண்ணாக இருந்தாலும் சரி, அதில் நிறைந்திருப்பது குவார்ட்ஸ் துகள்கள். கனிமங்களின் கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சன்னல் கண்ணாடிக்கே ஏறத்தாழ 5.5தான். கண்ணாடியையே கீறிவிடக்கூடிய ஒரு பொருளை, அந்தக் கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையான பூச்சின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டு, சாலையின்மேல் பழி போடுகிறோம். துணி எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அது துகளைப் பிடித்துக்கொண்டு பானெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூடவே இழுத்துச் செல்லும். பழைய பனியன் துணியானாலும், ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய துணியானாலும், உலர்ந்த தூசியின்மேல் தேய்த்தால் விளைவு ஒன்றே. மெழுகு தோய்த்த நூல் டஸ்டரும் இதற்கு விலக்கல்ல. ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றுத் தூசியை வாரிய டஸ்டரை உதறிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காலத்துக் கார்களில் தகட்டின் மேலுள்ள எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் வெயிலைத் தாங்கிப் பளபளப்பைத் தருகிற நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே அதைவிடத் தடிமனாக இருக்கும். கீறலை எடுக்க நாங்கள் மெஷின் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கிலிருந்து சில மைக்ரான்களைச் சுரண்டித்தான் எடுக்கிறோம். ஆகவே ஆண்டுக்கொரு முறை பாலிஷ் போட்டுக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் தினமும் துடைக்காதீர்கள். மூன்றாவது, நான்காவது பாலிஷில் கிளியர் கோட் உரியத் தொடங்கினால் அதற்குப் பிறகு பெயிண்டிங் பூத்தில் விட்டு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதச் சம்பளத்துக்கு வந்து துடைக்கும் தம்பிகள் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியால் வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. தனித் துணியும் போதிய தண்ணீரும் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அதற்கு மனமில்லையென்றால் தயவுசெய்து துடைக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். தூசி படிந்த கார் அழுக்காகத்தான் இருக்கிறது, கெட்டுப்போகவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்ததும் கார்மீது படிந்திருந்த வண்டலை ஈரத்துணியால் வழித்தெடுத்தவர்களின் வண்டிகள் அடுத்த சில மாதங்களுக்கு எங்களிடம் வந்துகொண்டே இருந்தன. தண்ணீரைப் பீய்ச்சி வண்டலை ஓடவிட்டவர்களின் வண்டிகளில் சீட்டும் ஒயரிங்கும் போயிருந்தாலும் பெயிண்ட் பிழைத்திருந்தது.

கழுவும் முறையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்குள்ளோ மாலையிலோ, பானெட் கையால் தொடும்போது குளிர்ந்திருக்கும் நேரத்தில், நிழலில் கழுவுங்கள். முதலில் குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழாக அடித்து, கையே படாமல் போகிற மண்ணைப் போகவிடுங்கள். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் தள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடரின் காரம் மெழுகையும், பெயிண்டைக் காக்கப் பூசியிருக்கும் கோட்டிங்கையும் அரித்து, கதவு ரப்பரையும் வெளுக்கச் செய்யும் என்பதால் அதை வாளிக்கு அருகிலேயே கொண்டுவராதீர்கள். காக்கை எச்சம் விழுந்திருந்தால் நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து ஊறியபின் அப்படியே தூக்கி எடுங்கள்; நகத்தால் சுரண்டுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பூஜைக்குப் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொருக்காகும்வரை விடுவதற்குப் பதிலாக, முன் கண்ணாடியின் மூலையில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கழுவி முடித்ததும் கதவுகளின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளைக் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று வீசும் நம் ஊர்களில் துரு வெளியே தெரிவதற்கு வெகுநாள் முன்பே அங்கேதான் தொடங்கியிருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. வெயிலில் அது காரின்மேல் உலரும்போது தண்ணீர் மட்டும் போய்விட, அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடுகின்றன. விட்டுவைத்தால் அந்த வளையங்கள் கிளியர் கோட்டிலும் கண்ணாடியிலும் பதிந்து, பாலிஷ் போட்டால்தான் போகும் என்ற நிலைக்கு வந்துவிடுகின்றன. இது பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களே, தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சமையலறை ஆர்ஓ கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைக் குடம் குடமாகப் பிடித்துவைத்துக் காரைக் கழுவுகிறார்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து அந்தக் கருவி பிரித்து ஒதுக்கிய உப்பெல்லாம் எங்கே போனதென்று நினைக்கிறீர்கள்? அந்தக் குடத்தில்தான் இருக்கிறது, வந்த தண்ணீரில் இருந்ததைவிடச் செறிவாக. அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். காரை நகராட்சித் தண்ணீரிலோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ கடைசியாக ஒருமுறை அலசி, ஈரம் காயும் முன்பே ஒற்றி எடுங்கள். ஒரு வாளி போதும்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த துணிக்கு வருகிறேன். புதிய மைக்ரோஃபைபர் துணியைப் பிரித்த உடனே பெயிண்டில் வைக்காமல் ஒருமுறை அலசுங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் விவரச்சீட்டை வெட்டிவிடுங்கள், அந்தச் சீட்டே கீறும். பெயிண்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒன்று, உள்பகுதிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, அந்த வரிசையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சக்கரத்தைத் துடைத்த துணியில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் ஏறியிருக்கும், எத்தனை முறை துவைத்தாலும் அது பெயிண்டுக்கு ஆகாது. துணியை நான்காக மடித்துப் பிடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் திருப்பிக்கொள்ளுங்கள். கைதவறித் தரையில் விழுந்த துணி அன்றைக்கு மறுபடி பெயிண்டில் படக் கூடாது. உதறினால் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது.

வேலை முடிந்ததும் அதே நாளில் துவையுங்கள். பருத்தித் துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதும் மைக்ரோஃபைபரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தனியாகப் போட வேண்டும். கரையாத பவுடர் மணிகள் இழைகளில் தங்கிவிடுவதால் திரவ டிடர்ஜென்ட் மட்டுமே. கொதிநீரும் ப்ளீச்சும் வேண்டாம். துணி மணக்க மணக்க மென்மையாக இருக்கட்டும் என்று வீட்டில் ஊற்றும் கம்ஃபர்ட் வகையறாக்கள் இழைகளின்மேல் வழுவழுப்பான படலத்தைப் பூசிவிடும். அதன் பிறகு அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சாது, பெயிண்டில் தடம்தான் போடும். பிறகு உலர்த்துகிற இடம். காம்பவுண்டுச் சுவர்மேலும் மொட்டைமாடித் தரையிலும் விரித்துப் போட்டு, சிமெண்டுத் துகளை நீங்களே ஏற்றிவிடுகிறீர்கள்! கொடியில், நிழலில் தொங்கவிட்டு, முழுதாக உலர்ந்தபின் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். டிக்கியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த டப்பாவோடு வையுங்கள். பெயிண்டில் ஒட்டிய அழுக்கை ஒற்றியெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் தரையில் விழுந்தால், அதன் விலையை நினைக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். கழுவாமல் விட்ட பாலிஷ் பேடில் காம்பவுண்டு என்னும் பாலிஷ் பசை காய்ந்து இறுகி உப்புத்தாள் போலாகிவிடும். அதையும் அன்றே அலசுங்கள்.

திரவங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து லிட்டர் கேனில் வாங்கிய வீல் கிளீனரையோ எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசரையோ பழைய தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். நீல நிறத்திலும் இளஞ்சிவப்பு நிறத்திலும் இருக்கும் இவற்றைக் குழந்தைகள் சர்பத் என்றே நினைப்பார்கள். தாகத்தில் வரும் பெரியவர்களும் பார்க்காமல் வாயில் வைத்துவிடுவார்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அலாய் வீல் கறைக்குக் கழிவறை ஆசிட்டை ஊற்றுவதும் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அது வீலின் மேல்பூச்சையும் பிரேக் டிஸ்க்கையும் அரிப்பதோடு, தரையில் ப்ளீச்சிங் பவுடர் கிடந்தால் அதோடு கலந்து குளோரின் வாயுவைக் கிளப்பிவிடும். மூடிய கார் ஷெட்டில் இது விளையாட்டல்ல. செராமிக் கோட்டிங் பாட்டிலின் மூடி சரியாக இறுகவில்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்றிலேயே அது உறைந்துவிடும். வாய்ப்பகுதியில் படிகம் கட்டியிருந்தால் மிச்சத்தைப் பயன்படுத்த ஆசைப்படாதீர்கள்.

ஏற்கெனவே கீறல் விழுந்துவிட்ட வண்டிக்கு, கடையில் ரப்பிங் காம்பவுண்டு டப்பா வாங்கி வீட்டில் கையால் தேய்க்க வேண்டாம். கீறல் போகாமல் மங்கல்தான் பரவும். எங்கள் தொழிலிலும் கீறலை எடுக்காமல் எண்ணெய்ப் பசையுள்ள ஃபில்லரால் மூடி, வண்டியைப் பளபளவென்று ஒப்படைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு முறை கழுவியதும் எல்லாம் திரும்பத் தெரியும். பாலிஷ் போடும் முன் பெயிண்டின் தடிமனை மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அதில் எண் காட்டாது; சூட்டில் அங்கே பெயிண்ட் சீக்கிரம் போய்விடும் என்பதால், மெஷின் வேகத்தைக் குறைத்துப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.