வலிக்காத வாய்ப்புண்

பல் செட் குத்துகிறது என்று போன வருடம் ஒரு அம்மா வந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ கட்டி விற்பவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடது பக்கம் கீழே, பல் செட்டின் விளிம்பு உரசும் இடத்தில் ஒரு புண். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது ஆச்சு, தீபாவளிக்கு முன்னாடியிருந்து" என்றார். அப்போது மாசி மாதம்.

நாலு மாதமும் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. உடம்புச் சூடு என்று வீட்டில் சொல்ல, மணத்தக்காளிக் கீரை சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கியிருக்கிறார். வலி எப்படி என்றதும், "வலியே இல்ல டாக்டர், அதனாலதான் விட்டுட்டேன்" என்றார்.

எனக்குப் பயம் தருவது இந்தப் பதில்தான். கடித்துக்கொண்டதாலோ சூட்டாலோ வரும் சாதாரணப் புண் சுள்ளென்று வலிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியும் ரத்தமும் கழுத்தில் கட்டியும் வந்து சேரும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

வழக்கமாக நாங்கள் செய்வது இது: குத்துகிற பல்லைத் தேய்த்து மழுக்குவோம், செட்டின் விளிம்பைச் சரிசெய்வோம், இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம். காரணத்தை நீக்கியும் ஆறாத புண்ணைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். இந்த அம்மாவுக்கு நான் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கவில்லை. கையுறை விரலால் தடவினால் புண்ணின் ஓரம் கெட்டியாக இருந்தது. அந்தப் பக்கம்தான் இருபது வருடமாகப் புகையிலை ஒதுக்குகிற பக்கமும்கூட. உடனே பயாப்சி எடுக்கலாம் என்றேன்.

அவர் மகன் போனில் கேட்டது, நான் மாதம் ஒரு முறையாவது கேட்கும் கேள்வி: "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் பச்சரிசி அளவுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நோய் முற்றிய பிறகே பலர் வருகிறார்கள். ஆபரேஷன் செய்தும் பிழைக்காமல் போகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குக் கத்திதான் காரணமாகத் தெரிகிறது. உண்மையில் கொன்றது தாமதம். அந்த அம்மாவுக்கு ஆரம்ப நிலை என்று ரிசல்ட் வந்தது. அரசு மருத்துவமனையில் ஆபரேஷனோடு முடிந்தது, கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்க, தேவைப்படவில்லை.

வெறும் கண்ணால் பார்ப்பதில் என்ன கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்துக் கேரளத்திலேயே பதில் இருக்கிறது. 1996-ல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன. மாடிப்படி ஏறி வந்து என் நாற்காலியில் வாயைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் வாய் முழுவதையும் பார்க்க இரண்டு நிமிடம் நான் கொடுப்பது இதனால்தான். பல்லைச் சுத்தம் செய்ய வந்தவருக்கும் சேர்த்துத்தான்.

இப்போது கவலை இளைஞர்களைப் பற்றி. "காரம் தாங்கல டாக்டர், தயிர் சாதம்தான் இறங்குது" என்று இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்கிறான். வாய்க்குள் கன்னம் வெளுத்து, தடவினால் நார் நாராக இருக்கிறது. பாக்கு மெல்லுவதால் வருவது இது. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி உங்கள் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். சாதாரணமாக மூன்றும் போகும். அந்தப் பையனுக்கு ஒன்றரைதான் போனது. புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. "வெறும் பாக்குதானே" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இறுகிப்போன வாய் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. பாக்கை விட்டுவிட்டுப் பயிற்சியும் மருந்தும் எடுத்தால் மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் தொடர்ந்து வந்து காட்ட வேண்டும்.

வீட்டில் பார்க்க ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். பல் தேய்த்தபின் கன்னத்தை இழுத்துப் பாருங்கள். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இரு ஓரங்களையும் பாருங்கள், அங்கேதான் அடிக்கடி வருகிறது. நாக்கைத் தூக்கி அடியையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் காட்டுங்கள். வெல்வெட் போலச் சிவந்த திட்டு என்றால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள், வெள்ளையைவிட அது ஆபத்தானது. ஒரு பழக்கமும் இல்லாதவருக்கும் இந்த நோய் வருகிறது, அதனால் "நான் போடுறதே இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம்.

அப்புறம், யாருக்காவது வாய்ப் பகுதிக்குக் கரண்ட் வைக்கச் சொல்லியிருந்தால், அதற்கு முன்னால் பல் மருத்துவரைப் பாருங்கள். எடுக்க வேண்டிய பல்லை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். இதை யாரும் சொல்லாமல் விட்டு, பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். பூக்காரம்மா நோய் தெரிந்த அன்றைக்கே விட்டுவிட்டார், ஆனால் கை மட்டும் இடுப்புச் சுருக்குப்பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. சோம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன். செக்கப்புக்கு வரும்போதெல்லாம் வாயைப் பார்த்த பிறகு அந்தப் பையையும் வாங்கிப் பிரித்துப் பார்க்கிறேன். இதுவரை சோம்பு மட்டும்தான்.