தெர்மாகோல் விமானத்துக்கும் ட்ரோன் விதி உண்டு: முதலில் தராசை எடுங்கள்

தெர்மாகோல் ஷீட்டையோ சன்போர்டையோ வெட்டி, ஹாட் க்ளூ வைத்து ஒட்டி, முன்னால் ஒரு மோட்டார், நடுவில் ஒரு பேட்டரி வைத்துப் பறக்கவிடுகிறோமே, அதை நாம் ஆர்சி பிளேன் என்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரிமோட் விமானம் என்பார்கள். இந்தியச் சட்டத்தில் அது ட்ரோன். நான்கு விசிறி சுற்றும் கேமரா ட்ரோனும், இறக்கை வைத்த உங்கள் பயிற்சி விமானமும் ஒரே விதிக்குள்தான் வருகின்றன. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள், 2021 என்பதே அந்த விதி.

அதே ஆண்டு மார்ச்சில் ஒரு விதித்தொகுப்பு வந்திருந்தது. 25 படிவம், 72 வகைக் கட்டணம் என்று இருந்த அதைப் பார்த்தே பலர் இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடலாமா என்று யோசித்தார்கள். ஐந்தே மாதத்தில் அதை எடுத்துவிட்டு, 5 படிவம், 4 வகைக் கட்டணம் என்று சுருக்கினார்கள். இப்போது நடப்பில் இருப்பது இந்தச் சுருங்கிய விதிதான். பழைய விதியைப் படித்துப் பயந்தவர்கள் இன்னும் அந்தப் பயத்திலேயே இருக்கிறார்கள், விதி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் மைதானத்தில் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

எடைதான் முதல் கேள்வி

விதி, ட்ரோன்களை எடையை வைத்துப் பிரிக்கிறது. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால். அதற்கு மேலும் இரண்டு பிரிவுகள் உண்டு, நமக்கு அவை வேண்டாம். எடை என்றால் பேட்டரி, கேமரா உட்பட எல்லாம் சேர்த்து, தரையைவிட்டு எழும்பும்போது என்ன எடையோ அது. வெறும் கூட்டை மட்டும் தராசில் வைத்துவிட்டு "180 கிராம்தான்" என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

நம் ஊரில் புதிதாகத் தொடங்குபவர் வழக்கமாக வாங்கும் செட்டை எடுத்துக்கொள்வோம். ஏ2212 பிரஷ்லெஸ் மோட்டார், மவுண்டோடு சேர்த்து சுமார் 50 கிராம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் ஈஎஸ்சி சுமார் 25 கிராம். இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு, ஆக 36. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் 15 என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் 3 செல், 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, அது மட்டுமே 180 கிராம் பக்கம் வரும். கூட்டினால் 300 கிராமைத் தாண்டுகிறது. இறக்கை இன்னும் கணக்கில் வரவே இல்லை! ஆக, இந்த செட்டில் கட்டிய எந்த விமானமும் நானோ ஆகாது. ஒரு மீட்டர் இறக்கை உள்ள பயிற்சி விமானம் முக்கால் கிலோவுக்கு முன்பின் நிற்கும், அதாவது மைக்ரோ.

நானோவுக்குள் அடங்க வேண்டுமென்றால் முதலிலேயே அதற்காகத் திட்டமிட வேண்டும்: சின்ன மோட்டார், இரண்டு சர்வோ, 2 செல் 450 எம்ஏஎச் பேட்டரி, மெல்லிய ஃபோம். முடியும். காற்றடித்தால் பட்டம் மாதிரி அலையும், அவ்வளவுதான். முதல் விமானமாக இதைக் கட்டச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சலுகைக்காக எடையைக் குறைத்து, கற்றுக்கொள்ளும்போது கஷ்டப்படுவானேன்?

சரி, எடைக்கு ஏற்ப என்ன மாறுகிறது? மூன்று காகிதங்களை நினைவில் வைத்தால் போதும்: ஓட்டுபவருக்கான ரிமோட் பைலட் சான்றிதழ், விமானத்தின் வடிவமைப்புக்கான வகைச் சான்றிதழ், ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அடையாள எண்.

பைலட் சான்றிதழ் நானோவுக்குத் தேவையில்லை. 2 கிலோ வரை உள்ள மைக்ரோவுக்கும், வணிக நோக்கம் இல்லாதவரை, தேவையில்லை. இந்த ஒரு வரி நம்மில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறது. பெரிய பாலிஸ்டர் படம் ஒட்டிய பால்சா விமானம், ஆறு செல் பேட்டரி என்று போய் 2 கிலோவைத் தாண்டினால் சான்றிதழ் வேண்டும். அதற்கு வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்து முடிக்க வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். படிவக் கட்டணம் 100 ரூபாய்தான். பயிற்சி நிறுவனம் வாங்கும் கட்டணம் வேறு, அங்கேதான் பணம் போகும்.

வகைச் சான்றிதழ் என்பது கம்பெனிகள் தங்கள் ட்ரோன் மாடலைச் சோதனைக்குக் கொடுத்துப் பெறுவது. வீட்டு மொட்டைமாடியில் ஃபோம் வெட்டுபவர் அதை எங்கே போய் வாங்குவது? இதற்குத்தான் விதியில் "மாடல்" என்று ஒரு தனி வரையறை வைத்திருக்கிறார்கள். 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் தரையிலிருந்து ஒருவர் ஓட்டுவது மாடல். மாடலுக்கும் நானோவுக்கும் வகைச் சான்றிதழ் வேண்டாம்.

அந்த வரையறையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். "கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்" என்பது சும்மா போட்ட சொல் இல்லை. விமானத்தின் கேமரா பார்ப்பதைக் கண்முன் காட்டும் எஃப்பிவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் போய்வந்தால் அது மாடல் இல்லை. ஆட்டோபைலட் போர்டு வைத்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, தானே போய்த் திரும்பச் சொன்னாலும் "ஒருவர் ஓட்டுவது" என்ற இடத்தில் சிக்கல் வரும். கல்யாண வீட்டில் பறக்கவிட்டுக் காசு வாங்கினால் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது, நானோவைத் தாண்டிவிட்டால் 2 கிலோவுக்குள் இருந்தாலும் பைலட் சான்றிதழ் கேட்பார்கள்.

அடையாள எண்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

பைலட் சான்றிதழ் வேண்டாம், வகைச் சான்றிதழ் வேண்டாம் என்றதும் "அப்போ ஒன்றுமே வேண்டாம்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். தனி அடையாள எண்ணுக்கு அப்படி எடை விலக்கு இல்லை. நானோவும் பதிவு செய்யப்பட வேண்டும். படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய். முன்பு ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருந்த இந்த வேலை, இப்போது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ தளத்தில் நடக்கிறது. பாஸ்போர்ட் இருந்தால்தான் முடியும் என்ற பழைய நிபந்தனையைப் பின்னர் தளர்த்தி, வேறு அரசு அடையாள அட்டைகளையும் ஏற்றுக்கொண்டார்கள்.

விமானத்தின் வரிசை எண், பறப்பைச் சீராக வைக்கும் மின்பலகையான ஃப்ளைட் கன்ட்ரோலரின் வரிசை எண், ரிமோட்டின் வரிசை எண் ஆகியவற்றோடு இந்த அடையாள எண்ணை இணைப்பார்கள். இந்த விதியை எழுதியவர்களின் மனதில் பெட்டியில் வரும் கேமரா ட்ரோன்தான் இருந்திருக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடும். நம் ஃபோம் விமானத்தில் ஃப்ளைட் கன்ட்ரோலரே இருக்காது, வெறும் ரிசீவர்தான். அதைவிட, அதன் ஆயுள் மூன்று ஞாயிற்றுக்கிழமை. நான்காவது ஞாயிறு புதுக்கூட்டில் பழைய மோட்டார் ஏறியிருக்கும். தொலைந்தாலோ நிரந்தரமாக உடைந்தாலோ டி-3 படிவத்தில் பதிவை நீக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, அதற்கும் 100 ரூபாய். பொழுதுபோக்காளருக்கு இது பொருந்தாத சட்டை என்பதே என் எண்ணம். பொருந்தாவிட்டாலும் சட்டை போட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

மாணவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல வாசல் திறந்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காகவும் மேம்பாட்டுக்காகவும் பறக்கவிட்டால் வகைச் சான்றிதழ், அடையாள எண், பைலட் சான்றிதழ் மூன்றுமே வேண்டாம். பச்சை மண்டலத்துக்குள் (அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய வான்பகுதி, கீழே சொல்கிறேன்), அந்த நிறுவனத்தின் வளாகத்திலோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோ பறக்க வேண்டும், அவ்வளவே. பொறியியல் கல்லூரியில் விமானம் கட்டும் குழுக்கள், சொந்தப் பெயரில் அலையாமல், கல்லூரியின் பெயரில் ஒரு கடிதம் வாங்கி வளாகத்திலேயே பறக்கவிடுவது புத்திசாலித்தனம்.

எங்கே, எவ்வளவு உயரம்

வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சென்னை அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம் அது. ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானம் அங்கே போனால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்கே பிடிபடாது. எனவே இந்த வரம்பு நமக்குப் பெரிய தொல்லை இல்லை.

தொல்லை விமான நிலையங்களின் பக்கம் இருப்பவர்களுக்கு. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள இடத்தில் 200 அடிவரைதான் பச்சை. அதற்கு மேல் மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். 8 கிலோமீட்டருக்குள் பச்சை என்ற பேச்சே இல்லை. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், அதாவது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அதை மறந்துவிடலாம். மீனம்பாக்கம் எல்லோருக்கும் தெரியும். சூலூர், தாம்பரம், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்களும், அரக்கோணம், உச்சிப்புளி கடற்படைத் தளங்களும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் சொல்லவே வேண்டாம்.

நினைவை நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் 2021 செப்டம்பர் முதல் வண்ண வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் அதைப் பார்க்க வேண்டும் என்பதே விதி. காரணம் உண்டு: எஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி, ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக ஒரு தடவைக்கு 96 மணி நேரம்வரை அறிவிக்கலாம். பெரிய தலைவர் வருகிறார் என்றால் போன வாரம் பச்சையாக இருந்த ஏரிக்கரை இந்த வாரம் சிவப்பாகலாம்.

அப்புறம், பச்சை என்பது வானத்தைப் பற்றியது. கீழே இருக்கும் நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஒருமுறை ரோந்து வந்த காவலர், "தம்பி, இது பர்மிஷன் வாங்கினதா?" என்று கேட்டபோது, வரைபடத்தின் படத்தையும் மைதானத்துக்காரர் பெயரையும் காட்டியதும் பேச்சு முடிந்தது. விதியை அச்செடுத்து ரிமோட் பையில் வைத்திருப்பதில் தப்பில்லை.

மற்றவை சுருக்கமாக. நானோவைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ளதைப் போல. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை போகலாம். ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, குறித்த சக்திக்குள் இருக்கும்வரை, தனி உரிமம் தேவையில்லை, 2005 முதலே அப்படித்தான். முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது, பிரித்துப் பெட்டியில் போட்ட முழு செட்டுக்கும் அதே தடை. உதிரிபாகங்களுக்கு இல்லை. மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ என்று தனித்தனியாக வாங்கி இங்கேயே கட்டுபவருக்கு இதனால் நஷ்டம் எதுவுமில்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு புதிய ட்ரோன் மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தண்டனைப் பகுதி இப்போதையதைவிடக் கடுமையாக எழுதப்பட்டிருந்தது. அது சட்டமாக வரும்போது மேலே சொன்ன கட்டணம், அபராதம், விலக்கு எதுவும் மாறக்கூடும். புது விமானம் கட்டத் தொடங்கும் முன் இயக்குநரகத்தின் தளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோமை வெட்டுங்கள்.