ஏற்றுகூலி, இறக்குகூலி: பவர் பேங்க்கின் கணக்கு

போன மே மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தபோது என் போனிலும் மனைவியின் போனிலும் 100 சதவீதம். மதியம் மூன்றரைக்கு இரண்டிலும் 6, 7 என்று சிவப்பு காட்டியது. நான் பதறவில்லை. பையில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருந்தது. இரண்டு போனிலும் 5,000 எம்ஏஎச் பேட்டரி. பத்தாயிரத்தை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு முழு சார்ஜ் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முதலில் என் போனை மாட்டினேன். நிரம்பியது. அப்புறம் மனைவியின் போன். அது 50-ஐத் தொட்டதும் பவர் பேங்க்கின் நான்கு விளக்குகளும் அணைந்துவிட்டன. இரவு எட்டரைக்கு, வண்ண விளக்குக் காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவியின் போன் நின்றுபோனது. அவரும் பெரியவளும் ஒரு பக்கம், நானும் சின்னவனும் இன்னொரு பக்கம். கலைகிற கூட்டத்தில் முக்கால் மணி நேரம் தேடினோம். அந்த முக்கால் மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

பவர் பேங்க் பழுது என்றுதான் நினைத்தேன். மறுநாள் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். கடைப் பையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "பின்னாடி திருப்பிப் பாருங்க சார்" என்று சொல்லி, போனின் டார்ச்சை அடித்துக் காட்டினான். கறுப்பு பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்து. பேட்டரி 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், 37 வாட் மணி. அதற்குக் கீழே இன்னொரு வரி: ரேட்டட் கபாசிட்டி, அதாவது வெளியே கிடைக்கும் அளவு, 6,000 எம்ஏஎச், 5 வோல்ட். முன்பக்கம் பெரிதாக இருப்பது பத்தாயிரம். பின்பக்கம் பொடியாக இருப்பது ஆறாயிரம். இரண்டுமே உண்மை. நடுவில் காணாமல் போன நாலாயிரத்தின் கதைதான் இந்தக் கட்டுரை.

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் மணி. ஒரு பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னூட்டம் வெளியே வரும் என்பதன் அளவு. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை குடம் தண்ணீர் என்பதை எம்ஏஎச் சொல்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வோல்ட் சொல்கிறது. அந்தத் தண்ணீரால் எவ்வளவு வேலை நடக்கும் என்று தெரிய இரண்டையும் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்குத் தொகைதான் வாட் மணி. 10 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட் மணி. பவர் பேங்க் வாங்கும்போது நம்ப வேண்டிய எண் இதுதான். எம்ஏஎச் எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்லாவிட்டால் அது பாதி விவரம் மட்டுமே.

இந்த 3.7 வோல்ட் எங்கிருந்து வந்தது? யாரும் முடிவு செய்து வைத்த எண் இல்லை, வேதியியல் கொடுத்த எண். பவர் பேங்க்குக்குள் இருக்கும் பேட்டரியின் அலகுக்கு லித்தியம் அயனி செல் என்று பெயர். அதில் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. நடுவில் மெல்லிய துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் படலம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் படலத்தைக் கடந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. போனை மாட்டியதும் அவை ஆக்சைடு பக்கம் திரும்புகின்றன. ஆனால் எலக்ட்ரான்களுக்கு அந்தப் படலத்தின் வழியே பாதை கிடையாது. அவை வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் மறுபக்கம் சேர முடியும். அந்தச் சுற்றுப் பாதையில்தான் நம் போனை வைத்திருக்கிறோம். இரு பக்கப் பொருள்களும் எலக்ட்ரானை இழுக்கும் வலுவில் உள்ள வித்தியாசமே சுமார் 3.7 வோல்ட். சோனி நிறுவனம் 1991-ல் இந்த வகை பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97.

செல் தருவது 3.7. யூ.எஸ்.பி. துளைக்குத் தேவை 5 வோல்ட். அந்தத் தரம் 1996-ல் கணினிகளுக்காக வகுக்கப்பட்டது, இன்றுவரை அடிப்படை அதேதான். ஆகவே பவர் பேங்க்குக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுற்று, 3.7-ஐ 5-க்கு ஏற்ற வேண்டும். இதை எப்படிச் செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

குழாயில் தண்ணீர் வேகமாக வந்துகொண்டிருக்கும்போது பட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் 'டொக்' என்று ஒரு அடி கேட்கும். ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிற்க முடியாமல் குழாயை முட்டுகிற சத்தம் அது. அந்த ஒரு கணத்தில் குழாய்க்குள் அழுத்தம், தொட்டியின் உயரம் தரும் அழுத்தத்தைவிட மேலே எகிறிவிடுகிறது. மின்சாரத்தில் இதே குணம் கம்பிச்சுருளுக்கு உண்டு. தன் வழியே ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்க அது விடாது. பவர் பேங்க்குக்குள் ஒரு கம்பிச்சுருளும், மின்னணு சுவிட்ச் ஒன்றும் இருக்கின்றன. சுவிட்ச் மூடியதும் சுருளில் மின்னோட்டம் கூடிக்கொண்டே போய், அதைச் சுற்றிக் காந்தப்புலமாக ஆற்றல் சேர்கிறது. சுவிட்ச் திறந்ததும் காந்தப்புலம் சரிந்து, ஓட்டத்தை நிற்க விடாமல் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பேட்டரியின் 3.7 வோல்ட்டோடு சேர்ந்து 5 ஆகிறது. நொடிக்குச் சில லட்சம் முறை இந்த 'டொக்' நடக்கிறது. நம் காதுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

உயரம் கூடினால் குடம் குறையும். 37 வாட் மணியை 5 வோல்ட்டால் வகுத்தால் 7,400 எம்ஏஎச். ஆக, காணாமல் போனதில் 2,600 உண்மையில் எங்கும் போகவில்லை, அளவுகோல்தான் மாறியது. மீதி 1,400-தான் நிஜமான இழப்பு. சுருளின் கம்பி, சுவிட்ச், செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை எல்லாம் சூடாகும்போது அது வெப்பமாகப் போகிறது. பவர் பேங்க் கையில் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அதுதான் ஏற்றுகூலி.

கூலி இதோடு முடியவில்லை. போனுக்குள் இருப்பதும் லித்தியம் செல்தான், அதற்கும் 3.85 வோல்ட் அளவில்தான் வேண்டும். பவர் பேங்க் பாடுபட்டு ஏற்றிய 5 வோல்ட்டைப் போன் மறுபடி இறக்கிக்கொள்கிறது. இங்கே இறக்குகூலி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பின்பக்கத்து 6 ஆம்பியர் மணியை 5 வோல்ட்டால் பெருக்கினால் வெளியே வந்தது 30 வாட் மணி. அதில் 27 உள்ளே சேரும். 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி முழுதாக நிரம்ப 19 வாட் மணிக்குச் சற்று மேல் வேண்டும். 27-ஐ அதனால் வகுத்தால் 1.4. என் போனுக்கு ஒரு முழு சார்ஜ், மனைவியின் போனுக்கு அரைக்கும் குறைவு. அன்று நடந்தது அப்படியே கணக்கில் வந்து நின்றபோது எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வருத்தம். இப்போது கடையில் நின்றால் இவ்வளவு பெருக்குவதில்லை. முன்பக்க எண்ணில் பத்துக்கு ஏழு போனுக்கு வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் 20,000 வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஒரு தராசு எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நல்ல லித்தியம் செல்கள் கிலோவுக்குச் சுமார் 250 வாட் மணி வைத்திருக்கின்றன. 37 வாட் மணிக்கு செல் மட்டும் 150 கிராம், கூடு, சுற்று எல்லாம் சேர்த்து 200 கிராம் அளவில் வரும். 20,000 என்றால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, பிள்ளைகளின் செருப்பு எல்லாம் உள்ள பையில் இதையும் பத்து மணி நேரம் தோளில் சுமக்க வேண்டும். இரண்டு போனுக்கு ஒரு நாள் என்றால் 10,000 போதும், நான்கு போன் என்றால் ஒரே 20,000-ஐவிட இரண்டு 10,000 வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். கூட்டத்தில் பிரிந்துபோனாலும் இரண்டு பக்கமும் சார்ஜ் இருக்கும்.

இதே தராசு போலிச் சரக்கையும் காட்டிக்கொடுக்கும். நடைபாதைக் கடையில் 50,000 என்று அச்சடித்து உள்ளங்கைக்குள் அடங்குகிற பவர் பேங்க் கிடைக்கிறது. 50,000 என்றால் 185 வாட் மணி, செல் எடை மட்டுமே முக்கால் கிலோவை நெருங்க வேண்டும். அது 200 கிராம்தான் இருக்கிறதென்றால் அச்சடித்த எண் பொய். இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்கில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, காலையில் 100 இருந்த போன் மூன்றரைக்குள் ஏன் தீர்ந்தது? வீட்டில் இரவுவரை வருகிற போன்தானே. வெயிலில் திரை தெரிய வேண்டுமென்று வெளிச்சம் உச்சத்துக்குப் போகிறது. வீடியோ எடுக்கும்போது கேமரா, திரை, பிராசஸர் சிப் மூன்றும் ஒன்றாக உழைக்கின்றன. மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் குரலை உயர்த்துகிறது, அதாவது டவருக்கு எட்டும்படி அதிக ஆற்றலோடு அலைகளை அனுப்புகிறது. இரும்புக் கூரைக்குக் கீழே வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கும்போது பைக்குள் சும்மா இருக்கும் போனும் இப்படிக் கத்திக்கொண்டே இருக்கும்.

இதற்கு மேல் நம் ஊர் வெயில். லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும்போது சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுத்து, லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பி வராத சேர்மங்களில் சிக்கிக்கொள்ளும். பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதனால் போன் தானே சார்ஜை மெதுவாக்கும், இன்னும் சூடானால் நிறுத்தியே விடும். காற்றே 38, 40 டிகிரி இருக்கும் மே மாதத்தில், வெயிலில் நின்று, சார்ஜ் போட்டபடியே வீடியோ எடுத்தால் என்ன நடக்கும்? பவர் பேங்க் இறங்கிக்கொண்டே இருக்கும், போன் ஏறாது. போனையும் பவர் பேங்க்கையும் ஒரே பவுச்சில் துணியோடு சுருட்டி வைப்பதும் கெடுதல்தான். ஏற்றுகூலி, இறக்குகூலி இரண்டின் சூடும் ஒரே இடத்தில் அடைபடும். போனின் முதுகில் காந்தமாக ஒட்டிக்கொள்ளும் வயர்லெஸ் வகை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இரு சுருள்களுக்கு இடையே காற்று வழியாக ஆற்றலைக் கடத்துவதால் கேபிளைவிட இழப்பும் சூடும் அதிகம். வெயில் நாளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கதவு மூடி வெயிலில் நிற்கும் காருக்குள் பவர் பேங்க்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டலாம். செல்லுக்கு நடுவே இருக்கும் அந்த பிளாஸ்டிக் படலம் 130 டிகிரி அளவில் உருகக்கூடியது. அடிபட்டோ நசுங்கியோ அது கிழிந்தால் இரு பக்கமும் நேரடியாகத் தொட்டு, சூடு மேலும் சூட்டைக் கிளப்பித் தீப்பிடிக்கும். வயிறு உப்பிய பவர் பேங்க்கை ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது. விமானத்தில் இதைக் கைப்பையில் மட்டும் அனுமதிப்பதும் இந்தக் காரணத்தால்தான். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போகிறவர்கள் 100 வாட் மணிக்குள் உள்ளதாக எடுத்துப் போங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் தடை.

வேகம் பற்றி ஒரு விஷயம். டைப் சி துளையும் பவர் டெலிவரி வசதியும் உள்ள பவர் பேங்க், போனோடு பேசிக்கொண்டு 5-க்குப் பதில் 9 வோல்ட் அனுப்பும். அதே ஆற்றலுக்குக் கம்பியில் ஓட்டம் குறைவதால் கேபிளில் வீணாவதும் குறையும். 20 வாட் போதும். கேபிள் குட்டையாக இருக்கட்டும். ஆனால் அந்த வேகம் ஏறக்குறைய 80 சதவீதம் வரைதான். அதற்கு மேல் கிராஃபைட்டில் காலி இடம் குறையக் குறைய அயனிகள் மெதுவாகத்தான் உள்ளே போக வேண்டும், போனே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி 20-க்காகக் காத்திருப்பது வீண். தண்ணீர் விளையாட்டு முடித்து வந்த ஈரக் கையோடு மாட்டாதீர்கள். துளையில் ஈரம் இருந்தால் முனைகள் அரித்துப்போகும்.

போன மாதம் மறுபடி போனோம். அதே 10,000 பவர் பேங்க்தான், புதிதாக எதுவும் வாங்கவில்லை. சிவப்பு வரும்வரை காத்திருக்காமல், மதியம் சாப்பிட உட்கார்ந்த நிழலில் இரண்டு போனின் திரையையும் அணைத்து மேசைமேல் பரப்பி வைத்தேன். முதலில் மனைவியின் போன், 30-லிருந்து 80 வரை. பிறகு என்னுடையது, அதுவும் 80 வரை. இரவு வாசலுக்கு வந்தபோது பெரியவள் பையைத் திறந்து பவர் பேங்க் பட்டனை அமுக்கிப் பார்த்தாள். இன்னும் இரண்டு விளக்கு எரிந்தது.