கசப்பு தெரியாத குரங்குகள்

ஒரே இனக் குரங்குதான். ஒரு கூட்டம் ஆற்றோரத்தில் வாழ்கிறது, இன்னொன்று பனி கொட்டும் மலையில், மற்றொன்று கடல் நடுவே ஒரு தீவில். மரபணுவைப் பார்த்தால் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. உடனே, "அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி மாறிவிட்டன" என்று சொல்லத்தான் வாய் வரும். பெரும்பாலும் அது அவசரப் பேச்சு.

முதலில், காட்டுக்குரங்கின் டிஎன்ஏ எப்படிக் கிடைக்கிறது? மயக்க ஊசி போட்டுப் பிடித்து ரத்தம் எடுக்கலாம், ஆனால் மரத்திலிருந்து குரங்கு விழுந்தால் அடிபடும், ஆய்வாளருக்குக் கடி வாங்கும் அபாயமும் உண்டு. அதனால் நிறைய ஆய்வுகள் அது போட்டுவிட்டுப் போன எச்சத்தை நம்பியே நடக்கின்றன. குடல் வழியாக வரும்போது குடல் சுவரின் செல்கள் உரிந்து அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். காய்வதற்குள் மேல்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் வழித்து ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தக் குப்பிக்குள் பாக்டீரியாவின் டிஎன்ஏ, தின்ற இலையின் டிஎன்ஏ எல்லாம் கலந்திருக்கும், குரங்கினுடையது அதில் கொஞ்சம்தான்.

சரி, கிடைத்துவிட்டது. இப்போது யார் ஊர் விட்டு ஊர் போனார்கள், யார் போகவில்லை என்று கேட்க வேண்டும். பெண் குரங்குக்கு மந்தி, ஆணுக்குக் கடுவன் என்று தமிழில் தனித்தனிப் பெயர் இருப்பது இங்கே வசதி. நம் ஊர்க் குரங்குகளும் சேர்ந்த மக்காக், ஆப்பிரிக்காவின் வெர்வெட், பெரும்பாலான பபூன் எனும் குரங்கு வகைகளில் மந்தி பிறந்த கூட்டத்திலேயே காலம் தள்ளும், கடுவன் வயதுக்கு வந்ததும் வேறு கூட்டம் தேடிக் கிளம்பிவிடும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவதால், மந்திகள் நகராத ஊரில் அதுவும் நகராது. கொஞ்ச தூரத்திலேயே சட்டென்று மாறும். ஆனால் செல்லின் கருவில் உள்ள டிஎன்ஏ, கடுவன்களோடு ஊர் ஊராகப் போய்க் கலந்திருக்கும். ஒரே குரங்கு, தாய்வழியில் ஒரு கதை சொல்லும், மற்றதில் வேறொன்று. பபூன்களில் இது இன்னும் வேடிக்கை: மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தால் சில கூட்டங்கள், தூரத்தில் இருக்கும் சொந்த இனத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் வேற்றினத்தோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன.

அடுத்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்பது. கரீபியன் கடலின் செயின்ட் கிட்ஸ், நெவிஸ், பார்படாஸ் தீவுகளில் வெர்வெட் குரங்குகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவற்றின் வாரிசுகள் இவை. வந்தது கொஞ்சம்தான் என்பதால் மரபணு வகைகளும் குறைவு. இதில் தீவின் வெயிலுக்கோ காட்டுக்கோ பங்கில்லை, கப்பலில் ஏறாத மரபணு தீவில் இறங்காது, அவ்வளவுதான்.

அப்படியானால் வாழிடம் எதுவுமே செய்வதில்லையா? செய்கிறது, எதிர்பாராத இடத்தில். ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் வாழும் 163 வெர்வெட்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பிழைக்க உதவும் மாற்றம் தலைமுறை தலைமுறையாகப் பரவுகிற இயற்கைத் தேர்வின் தடம் அழுத்தமாகத் தெரிந்தது வைரஸோடு மல்லுக்கட்டும் மரபணுக்களில். ஆப்பிரிக்க வெர்வெட்களிடம் எச்ஐவியின் உறவினரான எஸ்ஐவி சர்வசாதாரணம், ஆனாலும் அவை எய்ட்ஸ் வந்து சாவதில்லை. வாழிடம் என்றால் மரமும் மழையும் மட்டுமல்ல, அங்கே சுற்றும் கிருமியும் அதில் சேர்த்திதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பானின் கீ தீபகற்பத்துக் குரங்குகள். பிடிசி என்று ஒரு வேதிப்பொருள் உண்டு, வாயில் வைத்தால் கடும் கசப்பு. சாதாரணக் குரங்கு அது தடவிய தீனியை ஒதுக்கும். கீ குரங்குகளில் சில கண்டுகொள்ளாமல் தின்கின்றன. காரணம் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து. கசப்பை உணரும் ஒரு புரதத்துக்கான மரபணுவில், 'இங்கே தொடங்கு' என்று சொல்லும் ஏடிஜி என்ற மூன்றெழுத்து, ஏசிஜி ஆகிவிட்டது. தொடக்கம் தெரியாததால் அந்தப் புரதம் ஒழுங்காக உருவாவதே இல்லை.

இது தற்செயலாகப் பரவியதா, பயன் இருந்ததால் பரவியதா? கண்டுபிடிக்கும் வழி எளிது. கூட்டம் சுருங்கியதாலோ பிரிந்ததாலோ வந்த மாற்றம் என்றால், கீ குரங்குகளின் மரபணுத் தொகுதி முழுக்கவே அதே அளவு வேறுபாடு தெரிய வேண்டும். மற்ற பகுதிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். அவற்றில் அவ்வளவு வேறுபாடு இல்லை, இந்த ஒரு மரபணு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அதனால், பயன் இருந்துதான் பரவியிருக்க வேண்டும் என்ற பக்கம் தராசு சாய்கிறது. என்ன பயன்? கீ, ஆரஞ்சு வகைப் பழங்களுக்குப் பேர் போன இடம். மற்றவை கசக்கிறது என்று விட்டுப் போன பழத்தை இவை தின்றிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.