காலையில் இரையும் விசிறி மலையில் ஏன் சும்மா இருக்கிறது?

'கொல்லிமலையில் பாதி வளைவு தாண்டுவதற்குள் பொலிரோவின் ஹீட் முள் ஏற ஆரம்பித்துவிடுகிறது. கீழே நாமக்கல் ரோட்டில் எண்பதில் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி இரைகிறது. ஃபேனை மாற்றவா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியவா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இந்த நான்கு வரிக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதிக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: மலையில் முள் ஏறும்போது அந்த இரைச்சல் கேட்கிறதா, இல்லையா?

பள்ளிக்கூடத்துப் பாடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியை எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போய்க் காற்றிடம் ஒப்படைக்கிறது. வாட்டர் பம்ப் கூலன்ட்டைச் சுற்ற வைக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். சுமார் 82 முதல் 88 டிகிரியில் அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிய, அது திறக்கிறது. ரேடியேட்டர் மூடி 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தைத் தாங்குவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 118, 120 டிகிரி வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதே என்பதும் இதனால்தான். அழுத்தம் போன கணமே, கொதிநிலையைத் தாண்டி நிற்கும் அந்தத் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

எங்கே சூடேறுகிறது என்பதை வைத்தே சந்தேகத்தைக் குறுக்கலாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு விசிறியே வேண்டாம், எதிர்காற்று போதும். ஆகவே வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறினால் கூலன்ட் ஓட்டத்தில்தான் குறை: உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர், பாதி திறந்து நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், அல்லது பம்ப் உறிஞ்சும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். டிராஃபிக்கிலும் மலையிலும் மட்டும் சூடேறினால் காற்றோட்டத்தில் குறை. ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே எங்கே நின்றாலும் ஏறினால் கூலன்ட் குறைந்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் மூடியே நின்றுவிட்டதா, எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கெட் போனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வரும்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தாழ்ந்த கியரில் எஞ்சின் திணறிக்கொண்டிருக்க, வண்டி மெதுவாகத்தான் ஏறும். வெப்பம் உச்சத்தில், எதிர்காற்று ஏறக்குறைய இல்லை. முழுப் பொறுப்பும் விசிறியின் தலையில். வாசகரின் வண்டி இந்த இரண்டாவது வகை.

ஸ்விஃப்ட், ஐ10 போன்ற குறுக்காக வைத்த எஞ்சின் கார்களில் ரேடியேட்டர் விசிறிக்குத் தனி மின் மோட்டார் உண்டு. பொலிரோ, டீசல் இன்னோவா போன்றவற்றில் எஞ்சினே பெல்ட் வழியாக விசிறியைச் சுழற்றுகிறது, ஆனால் நேரடியாக அல்ல. நடுவில் துடுப்பு துடுப்பாக அலுமினியத்தில் ஒரு வட்டப் பெட்டி இருக்கும். விஸ்கஸ் கப்ளிங் என்பார்கள், ஒர்க்‌ஷாப்பில் விஸ்கஸ் ஃபேன் என்றே பெயர். கார் முழுவதிலும் இதைவிட அழகான பொருள் கிடையாது என்பது என் கட்சி. இதற்கு ஒயர் இல்லை, சென்சார் இல்லை, கணினி இல்லை. கெட்டியான கொஞ்சம் எண்ணெயும், சுருட்டி வைத்த ஒரு உலோகப் பட்டையும் மட்டும்தான்.

பெட்டிக்குள் ஒரு தட்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. பெட்டியின் உடல் விசிறியோடு சேர்ந்தது. இரண்டிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வட்ட வட்டப் பள்ளங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. அவை எங்குமே உரசுவதில்லை. அந்த இடைவெளியில் சிலிகோன் எண்ணெய் இருந்தால் தட்டு எண்ணெயை இழுக்கும், எண்ணெய் பெட்டியை இழுக்கும், விசிறி சுற்றும். எண்ணெய் இல்லாவிட்டால் தட்டு பாட்டுக்குச் சுற்றும், விசிறி பேரிங்கின் உராய்வில் சோம்பலாகத் தொடரும். எண்ணெய் பள்ளத்தில் இருக்க வேண்டுமா, பக்கத்து அறையில் காத்திருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது முன்முகத்தில் இருக்கும் அந்தச் சுருள். இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சுமார் 60, 70 டிகிரியைத் தொட்டால் சுருள் முறுக்கி ஒரு சிறு வால்வைத் திறக்கும். மையவிலக்கு விசையில் எண்ணெய் வெளிப்பக்கமாகப் பாய்ந்து பள்ளங்களை நிரப்பும். விளிம்பில் உள்ள ஒரு தடுப்பு அந்த எண்ணெயை வழித்து வழித்து மறுபடி சேமிப்பு அறைக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வால்வு மூடினால் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். சிறிது நேரத்தில் பள்ளம் காலி, விசிறி அடங்கிவிடும்.

எஞ்சின் ஆயில் இருக்க சிலிகோன் எதற்கு? சாதாரண எஞ்சின் ஆயில் 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் பாகுத்தன்மை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்துவிடும். விசிறி அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்துக் கைவிட்டுவிடும். அதே சூட்டு ஏற்றத்துக்கு சிலிகோன் எண்ணெய் தன் பாகுத்தன்மையில் பாதிக்குச் சற்றே அதிகமாகத்தான் இழக்கும். டொயோட்டா கப்ளிங்குகளில் ஊற்றச் சிறு குழாய்களில் விற்கும் எண்ணெயில் 10,000 சென்டிஸ்டோக்ஸ் ரகமும் உண்டு. பாகுத்தன்மையை அளக்கும் இந்த அலகில் தண்ணீர் 1 சென்டிஸ்டோக்ஸ். தேன் அளவுக்குக் கெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். நியூட்டன் சொன்ன பாகுநிலை விதிப்படி, இரு சுவர்களுக்கும் வேக வித்தியாசம் இருந்தால்தான் எண்ணெய் இழுக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் இழுவை பூஜ்யம். ஆகவே இந்த கப்ளிங் முழுதாகப் பூட்டிக்கொள்ளவே முடியாது. உச்சத்திலும் விசிறி எஞ்சின் பக்கத்தைவிட ஒரு பங்கு பின்தங்கியே இருக்கும். வழுக்கினால்தான் இதற்கு வேலை. அந்த வழுக்கலில் வீணாகும் சக்தி எண்ணெயைச் சூடாக்கும், பெட்டியின் துடுப்புகள் அதைக் காற்றில் விடும். ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். விசிறியைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். அதை வழுக்கும் வேகத்தால் பெருக்கினால் வீணாகும் வெப்பம் கிடைக்கும். எப்போது அது உச்சம் என்று வகையீடு செய்தால், விசிறி எஞ்சின் பக்க வேகத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கில் ஓடும்போது என்று விடை வரும். நன்றாகப் பிடிக்கும் கப்ளிங்கும் அதிகம் சூடாகாது, அறவே விட்டுவிட்டதும் சூடாகாது. அரைகுறையாகப் பிடிப்பதுதான் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்கிறது. கொஞ்சம் எண்ணெய் கசிந்த கப்ளிங் அதற்குப் பிறகு வேகமாகச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தக் கணக்கும் இதோடு வருகிறது. விசிறி விழுங்கும் சக்தி வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதம். கப்ளிங் பிடிக்காதபோது 750 சுற்று, பிடித்தபின் 2,400 சுற்று என்றால் வேகம் 3.2 மடங்கு, சக்தியோ கிட்டத்தட்ட 33 மடங்கு. சத்தம் சுமார் 25 டெசிபல் ஏறும். ஏழு இதழ் விசிறி என்றால் அந்த வேகத்தில் நொடிக்கு 280 முறை இதழ் ஒரு புள்ளியைக் கடக்கும். அந்த 280 ஹெர்ட்ஸ் உறுமலைத்தான் ஓட்டுநர்கள் லாரி சத்தம் என்கிறார்கள். பல விசிறிகளில் இதழ்களை வேண்டுமென்றே சமமில்லாத இடைவெளியில் வைக்கிறார்கள். உறுமல் ஒரே சுருதியில் குவியாமல் பரவிப்போகும்.

காலை இரைச்சலுக்கு வருவோம். இரவெல்லாம் வண்டி நிற்கும்போது மையவிலக்கு விசை கிடையாது. எண்ணெய் தன் பாட்டுக்கு இறங்கிப் பள்ளங்களில் தேங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கப்ளிங் பிடித்த நிலையில்தான் விழிக்கும். விளிம்புத் தடுப்பு எண்ணெயை வழித்து அறைக்கு அனுப்ப ஓரிரு நிமிடம் ஆகும். அதுவரை இரைச்சல் இருக்கும், பிறகு தானே அடங்கும். ஆகவே வாசகரின் காலை இரைச்சல் கோளாறு அல்ல, நற்சான்றிதழ்! எண்ணெய் இருக்கிறது, அது பிடிக்கவும் செய்கிறது என்பதற்கு ஆதாரம். ஐந்து, பத்து நிமிடம் ஓடியும் அடங்காவிட்டால்தான் கோளாறு: வால்வு திறந்தே நின்றுவிட்டது, அல்லது பேரிங் இறுகிவிட்டது. அப்போது வண்டி சூடாகாது, டீசல்தான் கூடுதலாகப் போகும்.

மலையில் இரைச்சல் கேட்டும் முள் ஏறுகிறதென்றால் விசிறி தன் வேலையைச் செய்கிறது, காற்றுக்குத்தான் வழியில்லை. ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் அதைப் போலவே நிற்கும் ஏசி கன்டென்சருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சியும் வைக்கோல் தூசும் கம்பளியாக அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் துடுப்புகள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஷ்ரவுட் உடைந்தோ கழன்றோ இருந்தாலும் இதே கதைதான். விசிறி, ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அரைக்கும்.

மலையில் இரைச்சலே கேட்கவில்லை என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. அந்தச் சுருள் பார்ப்பது கூலன்ட்டின் சூட்டை அல்ல, தன் முகத்தில் படும் காற்றின் சூட்டை. பல வருடம் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் நடுக் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிட்டால் நடுப்பகுதி சூடாகாது. எஞ்சின் கொதிக்கும், ஆனால் சுருளின் மேல் இளஞ்சூட்டுக் காற்றுதான் படும். வால்வு திறக்காது. குற்றவாளி ரேடியேட்டர், பழி விசிறிக்கு. விசிறியை மாற்றினாலும் எதுவும் மாறாது.

குறை ரேடியேட்டரிலா, கப்ளிங்கிலா என்று பிரித்தறிய ஒரு அட்டை போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றுங்கள். லேசான பிடிமானத்தோடு சுற்றி நிற்க வேண்டும். விட்டதும் பல சுற்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. மையத்திலிருந்து கதிர்போல எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தாலும் அதே அர்த்தம். இதழ் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது தெளிவாக ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. அதன் சத்தம் உறுமலாக இல்லாமல் கரகரவென்று இருக்கும். பிறகு ரேடியேட்டர் முன்னால் அட்டையை வைத்து மறைத்து, ஏசியை அணைத்து, எஞ்சினை 2,000 சுற்றில் வைத்திருங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் 80 முதல் 100 டிகிரி சொச்சம் வரை அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். வண்டியில் ஓபிடி சாக்கெட் (எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்கும் இணைப்பு) இருந்தால் மலிவான புளூடூத் ரீடர் ஒன்று உண்மையான எண்ணைக் காட்டும். கூலன்ட் 95, 100 டிகிரியை நெருங்கும்போது இரைச்சல் தொடங்க வேண்டும். 105 வந்தும் இரையாவிட்டால் நிறுத்திவிட்டு, எஞ்சின் அணைந்த நிலையில், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் 15, 20 டிகிரி குறைவாகக் காட்டினால் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். சீராகச் சூடாக இருந்தும் விசிறி இரையாவிட்டால் சுருளோ வால்வோ சிக்கிக்கொண்டிருக்கிறது, கப்ளிங்கை மாற்றலாம்.

மின்விசிறி கார்களின் இரைச்சலுக்குக் காரணங்கள் வேறு. மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் விசிறி நேரே முழு வேகத்தில் மட்டும் ஓடும். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கூலன்ட் சென்சாரின் இணைப்பு கழன்றால் எஞ்சின் கணினி பாதுகாப்புக்காகப் பல கார்களில் விசிறியை நிறுத்தாமல் ஓட விடும். மோட்டார் மாற்றியபின் சூடேறினால் ஒயர் மாறி விசிறி எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். கிரில்லின் முன்னால் பிடித்த காகிதம் உள்ளே இழுக்கப்பட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊரின் பரம்பரை வைத்தியம். பம்பர் எலுமிச்சம்பழத்தோடு இதை ஒப்பிட மாட்டேன், பழத்தால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பின்பக்கத் தட்டால், ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியான பைபாஸை அடைக்கும். அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும், மலையில் சூடு கூடத்தான் செய்யும். சமதளத்திலோ எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். நல்லதா என்று சந்தேகம் இருந்தால் கழற்றி, நீரில் போட்டுச் சூடாக்கி, தெர்மாமீட்டரோடு பாருங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு ஐடிஐ மாணவரும் கையால் செய்து பார்க்க வேண்டும், ஒரு பழைய கப்ளிங்கை அறுத்து உள்ளே காட்டவும் வேண்டும். கோடிகள் தேவைப்படாத ஆய்வுக்கூடம் இது.

ரேடியேட்டர் வேலை முடிந்ததும் போர் தண்ணீரை மறந்துவிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் விஷம், இனிப்பாகவும் இருக்கும். வடித்த பழையதை நாயோ குழந்தையோ எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக்குமிழி வெளியேறும் வரை எஞ்சினை ஓட விட்டு நிரப்ப வேண்டும். கப்ளிங்கை மாற்றுவதாக இருந்தால் கழற்றும் முன் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள், சில வண்டிகளில் இடது மரை. புதிய கப்ளிங்கைப் படுக்க வைக்காதீர்கள், பொருத்தும் வரை வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வையுங்கள். படுத்துக் கிடந்தால் எண்ணெய் பேரிங் பக்கம் இறங்கிவிடும்.